பீப்பாயைத் தேடி வரும் மான்

அக்டோபர் பிறந்துவிட்டால் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்துக் கிராமப்புறக் கடைகளில் மக்காச்சோள மூட்டைகள் ஆளுயரத்துக்கு அடுக்கப்படுகின்றன. மூட்டையின் மேல் கொம்பு விரித்த மானின் படம். எடை 50 பவுண்டு, அதாவது 22 கிலோவுக்குச் சற்று அதிகம். வாங்கிப் போகிறவர்கள் எல்லோரும் மாட்டுப் பண்ணைக்காரர்கள் அல்ல. பெரும்பாலும் ஆசிரியர், மின்பணியாளர், வங்கி ஊழியர் போன்றவர்கள். நவம்பர் முதல் சனிக்கிழமை தொடங்கும் மான் வேட்டைப் பருவத்துக்காக நாளை எண்ணிக்கொண்டிருப்பவர்கள்.

மூட்டை வீடு வந்து சேர்ந்ததும் கொட்டகையில் வேலை ஆரம்பமாகிறது. மானுக்குத் தீனி போடும் சாதனங்களைக் கடையில் வாங்கலாம். ஆனால் கைவேலை தெரிந்தவர் காசு கொடுத்து வாங்குவதைக் கௌரவக் குறைவாக நினைப்பார். எளிய ரகத்தைச் செய்ய ஒரு மதியம் போதும். 4 அங்குல விட்டமும் 5 அடி நீளமும் உள்ள பிவிசி குழாய் ஒன்று. அதன் அடியில் ஆங்கில எழுத்து ஒய் வடிவத்தில் ஓர் இணைப்பு. மேலும் கீழும் மூடி. மழைத்தண்ணீர் தேங்கித் தானியம் பூசணம் பிடிக்காமலிருக்கக் கீழ்மூடியில் சிறு துளைகள். வாய்ப்பகுதி தரையிலிருந்து 3 அடி உயரத்தில் இருக்கும்படி மரத்தோடு பட்டை போட்டு இறுக்கினால் முடிந்தது. உள்ளே சுமார் 9 கிலோ பிடிக்கும். மான் தின்னத் தின்ன மேலேயிருந்து தானியம் தானாகச் சரியும்.

வசதி உள்ளவர்கள் 55 காலன் இரும்புப் பீப்பாய்க்குப் போகிறார்கள். மூன்று குழாய்க் கால்களின் மேல் பீப்பாய். அடியில் ஒரு துளை, அதன் கீழே சின்ன மோட்டாரில் சுழலும் தட்டு, ஒரு பேட்டரி, நேரம் குறித்து இயக்கும் கருவி. பேட்டரி தீராமலிருக்கச் சிலர் சூரியத் தகடும் பொருத்துகிறார்கள். சுமார் 150 கிலோ மக்காச்சோளம் நிரப்பிவிட்டு வந்தால் பல வாரங்களுக்குக் கவலையில்லை. விடியலில் சில நொடி, அந்தியில் சில நொடி தட்டு சுழன்று தானியத்தைச் சுற்றிலும் இறைக்கும். சில நாட்களில் அந்தச் சத்தம் மான்களுக்குப் பள்ளிக்கூட மணி மாதிரி ஆகிவிடுகிறது.

அழையா விருந்தாளிகளும் உண்டு. ரக்கூன்கள் கால்வழியே ஏறித் தட்டைக் கையால் சுழற்றித் தின்னும். டெக்சஸில் 15 லட்சத்துக்கும் மேல் இருப்பதாகக் கணிக்கப்படும் காட்டுப்பன்றிகள் பீப்பாயையே சாய்த்துவிடும். எனவே தட்டைச் சுற்றிக் கம்பிக்கூடு, பீப்பாயைச் சுற்றி 3 அடிக்குக் குறையாத வேலி. மான் தாண்டும், பன்றி தாண்டாது. இத்தனை ஏற்பாடும் செய்தபின் நூறு கஜ தூரத்தில் ஒரு பரண் கட்டித் துப்பாக்கியோடு உட்கார்ந்துவிட வேண்டியதுதான்.

பரண் என்றதும் தமிழருக்கு நினைவு வருவது தினைப்புனம். அங்கே தானியத்தைத் தின்ன வரும் கிளியையும் மானையும் விரட்டுவதற்காகப் பரண் மேல் ஏறினார்கள். டெக்சஸ்காரர் தானியத்தை இறைத்துவிட்டு மான் வராதா என்று பரண் மேல் காத்திருக்கிறார்.

இது வேட்டையா, விருந்துக்கு அழைத்துச் சுடுவதா? அமெரிக்க வேட்டைக்காரர்களிடையே இது தீராத வழக்கு. 1887இல் தியடோர் ரூஸ்வெல்ட் தொடங்கிய பூன் அண்ட் க்ராக்கெட் சங்கம், தப்பிக்க நியாயமான வாய்ப்பு விலங்குக்கு இருக்க வேண்டும் என்பதை வேட்டையின் அறமாக வைத்தது. காலையில் மணியடித்தால் வந்து நிற்கும் மானுக்கு அந்த வாய்ப்பு எவ்வளவு மிச்சம் என்று ஒரு சாரார் கேட்கிறார்கள்.

மறுதரப்பின் பதிலையும் தள்ளிவிட முடியாது. டெக்சஸில் 90 சதவீதத்துக்கும் மேலான நிலம் தனியாருடையது. பெரும்பகுதி முள்ளும் புதருமாக அடர்ந்தது. தீனியில்லாவிட்டால் மானின் வால் நுனிகூடக் கண்ணில் படாது என்கிறார்கள். ஓடும் மானைச் சுட்டுக் காயப்படுத்தித் தவிக்கவிடுவதைவிட, அசையாமல் நிற்கும் மானை ஒரே குண்டில் வீழ்த்துவது கருணை என்கிறார்கள். ஓநாய்கள் ஒழிந்துபோன இந்த மாநிலத்தில் 50 லட்சம் வெள்ளைவால் மான்கள் இருக்கின்றன. எண்ணிக்கையைக் குறைக்காவிட்டால் அவை தளிரை மொட்டையடித்துவிட்டுப் பட்டினி கிடக்கும். வேட்டைக்காரரின் பணம் காட்டுக்கும் போகிறது. 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி நீள்துப்பாக்கிகள் மீதும் தோட்டாக்கள் மீதும் வசூலிக்கப்படும் 11 சதவீத வரி மாநிலங்களின் வனவிலங்குப் பணிகளுக்கே தரப்படுகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடு முழுவதும் சில லட்சமாகச் சுருங்கிவிட்ட வெள்ளைவால் மான் இன்று கோடிக்கணக்கில் பெருகியதில் அந்தப் பணத்துக்கும் பங்குண்டு.

அறம் பற்றிய வழக்கு ஒருபுறம் நடக்கட்டும். பீப்பாயின் மீது வேறு குற்றச்சாட்டுகளும் உண்டு.

முதல் குற்றச்சாட்டு வயிறு சம்பந்தப்பட்டது. மான் அசைபோடும் விலங்கு. இலை, தளிர், ஓக் கொட்டை என்று பருவத்துக்கேற்ற தீனிக்குப் பழகிய நுண்ணுயிர்கள்தான் அதன் வயிற்றில் செரிமானத்தை நடத்துகின்றன. பனிக்காலத்தில் சுள்ளிகளைத் தின்று காலம் தள்ளும் வடமாநில மானுக்கு யாரோ இரக்கப்பட்டு மக்காச்சோளத்தைக் குவித்தால், வயிற்றில் திடீரென்று அமிலம் மிகுந்து அது செத்துப்போவதும் உண்டு. வயிறு நிறைந்தபடியே சாவு. அடுத்தது பூசணம். நம் ஊர் நிலக்கடலையில் அச்சமூட்டும் அதே அஃப்ளாடாக்சின் நஞ்சு, ஈரம் பட்ட மக்காச்சோளத்திலும் உண்டாகிறது. சிந்தியதைக் கொத்த வரும் காடைக்கும் வான்கோழிக்கும் இதனால் ஆபத்து அதிகம்.

இவை இரண்டையும் கவனத்தால் சமாளிக்கலாம். மூன்றாவதைச் சமாளிக்க முடியாது. 1967இல் கொலராடோவில் ஆராய்ச்சிக்காக அடைத்து வைத்திருந்த மான்கள் காரணம் தெரியாமல் மெலிந்து, எச்சில் ஒழுக, தலை தொங்கிச் செத்தன. நாட்பட்ட மெலிவு நோய் என்று அதற்குப் பெயர். மூளையைப் பஞ்சுபோல் துளைத்துவிடும் நோய் வகையைச் சேர்ந்தது என்று 1978இல் தெரிந்தது. பிரிட்டனைக் கலக்கிய பைத்திய மாட்டு நோயும் இதே குடும்பம். இதைப் பரப்புவது பாக்டீரியாவும் அல்ல, வைரஸும் அல்ல. பிரியான் என்ற, உருக்குலைந்த புரதம். சமைத்தால் அழியாது. எச்சில், சிறுநீர், சாணம் வழியே வெளிவந்து மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். மருந்தில்லை, தடுப்பூசியில்லை. தொற்றிய மான் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள்வரைகூட வாட்டமில்லாமல் திரியும்.

2002இல் இந்நோய் விஸ்கான்சினில் தென்பட்டது. 2012இல் டெக்சஸின் மேற்கு மலைகளில் காட்டு மான்களிடம் கண்டறியப்பட்டது. 2015இல் அதே மாநிலத்தின் மான் பண்ணை ஒன்றில் வெள்ளைவால் மானிடமும் தெரிந்தது. தென்கொரியா, நார்வே, ஸ்வீடன், பின்லாந்து என்று கடல் தாண்டியும் பதிவாகியிருக்கிறது.

கொட்டகையில் ஒரு மதியத்தில் செய்து முடித்த குழாயை இப்போது மறுபடி பார்க்க வேண்டும். காட்டில் மான் ஒரு தளிரைக் கடித்துவிட்டு நகர்ந்துவிடும். அடுத்த மான் வேறு செடியை மேயும். குழாயின் வாய் 4 அங்குலம். அந்த வட்டாரத்து மான்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அதில்தான் மூக்கை நுழைத்து நக்க வேண்டும். தானியத்தை இறைக்கும் பீப்பாய் சற்றுத் தேவலை என்று தோன்றும். ஆனால் அங்கும் எச்சிலும் சாணமும் விழுவது அதே சின்ன வட்டத்தில்தான், நாளுக்கு இரண்டு முறை, ஆண்டுக்கணக்காக. எல்லா மானையும் ஒரே இடத்துக்கு வரவழைப்பதுதான் பீப்பாயின் சாமர்த்தியம். அதன் ஆபத்தும் அதுவேதான். செய்நேர்த்தி கூடக்கூட இரண்டும் சேர்ந்தே கூடுகின்றன.

மிச்சிகன் மாநிலம் இதை வேறொரு நோயின் வழியாக முன்பே கற்றது. அதன் வடகிழக்கில் 1994இல் சுடப்பட்ட மானிடம் மாட்டுக் காசநோய் இருந்தது. நோய் காட்டுக்குள் நிலைத்ததற்குத் தீனிக் குவியல்களும் காரணம் என்று முடிவானது. 2019இல் அம்மாநிலத்தின் கீழ்த் தீபகற்பத்தில் தீனி வைத்து மான் வேட்டையாடுவது, சில விலக்குகளுடன், தடை செய்யப்பட்டது. விஸ்கான்சினும் நோய் கண்ட கவுன்டிகளில் தீனி போடத் தடை விதித்தது. டெக்சஸோ தடையின் பக்கம் போகாமல் பரிசோதனையின் பக்கம் போனது. தலைமுறைகளாக வந்த பழக்கம், மூட்டை வியாபாரம், தன் நிலத்தில் தன் விருப்பம் என்ற பிடிவாதம் எல்லாம் அங்கே பீப்பாயைத் தாங்கும் கால்கள்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைப் பரண்களைக் காலி செய்துவிட்டது. எருமைக்கன்றைக் கட்டிவைத்துப் புலிக்குக் காத்திருந்த ஜமீன் காலம் போயிற்று. ஆனால் காட்டுச்சாலை ஓரம் காரை நிறுத்தி மானுக்கும் குரங்குக்கும் பிஸ்கட் நீட்டும் கை இன்னும் போகவில்லை. அந்தக் கையில் துப்பாக்கி இல்லை என்பது உண்மை. எல்லா விலங்கையும் ஒரே இடத்தில், ஒரே எச்சிலில் கூட்டுவதில் அதற்கும் பீப்பாய்க்கும் வித்தியாசம் குறைவு.

டெக்சஸ்காரரின் வீட்டில் இப்போது ஒரு புதுச் சடங்கு சேர்ந்திருக்கிறது. மானை வீழ்த்தியவர் அதன் தலையைப் பரிசோதனைக்கு ஒப்படைக்கிறார். இறைச்சியைப் பொட்டலம் கட்டி, தேதி எழுதி, உறையவைக்கும் பெட்டியில் வைக்கிறார். மனிதருக்கு இந்நோய் தொற்றியதாக இதுவரை நிரூபணமில்லை. என்றாலும் நோயுள்ள மானைத் தின்ன வேண்டாம் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. முதல் மானைச் சுட்ட மகன் எப்போது சமைப்போம் என்று கேட்டால், முடிவு வரட்டும் என்கிறார் தந்தை. நோயில்லை என்று பதில் வந்தால் அன்றிரவு வீட்டில் விருந்து.

அந்தப் பதில் ஒரு மானுக்குத்தான். மரத்தில் கட்டிய குழாயில் அன்று மாலையும் வேறு மான்கள் மூக்கை நுழைத்துக்கொண்டிருக்கும்.