உறுதிமொழி எடுத்தாச்சு, நடக்க இடம்?

2019 ஆகஸ்ட் 29, தயான் சந்த் பிறந்த நாளன்று, 'ஃபிட் இந்தியா' இயக்கத்தைப் பிரதமர் மோடி இங்கே தில்லியில் தொடங்கி வைத்தார். எங்கள் கிளையிலும் எழுந்து நின்று உறுதிமொழி எடுத்தோம். எடுத்த கையோடு ராத்திரி எட்டு மணி வரை அதே நாற்காலி!

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் வேகமாக நடக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். வகுத்துப் பார்த்தால் தினம் இருபது நிமிடம் சொச்சம்தான். ஆனால் எங்கே நடப்பது? எங்கள் தெரு நடைபாதையில் கார்கள் தூங்குகின்றன. சர்க்கரை வந்துவிட்ட தங்கமணி, வண்டிகளுக்குப் பயந்து மொட்டை மாடியிலேயே சுற்றுகிறார். குளிர்காலத்தில் புகைமூட்டம் வேறு.

வங்கிக்காரன் புத்தி எனக்கு. முதல் போடாமல் வட்டி கேட்டால் எப்படி? நடைபாதையை மீட்டுக் கொடுங்கள் ஐயா, உறுதிமொழியை நடந்தே காட்டுகிறோம்.

உங்க ஊரில் எப்படி?