மூச்சு விடுமாம் மழைக்கோட்டு!

பாரீசில் இருக்கும் என் மகள் மூன்று வருடத்துக்கு முன் வந்தபோது எனக்கு ஒரு மழைக்கோட்டு வாங்கி வந்தாள். விலையைக் கேட்டேன், சொல்லவில்லை. சொல்லாததிலிருந்தே விலை புரிந்துவிட்டது. காலரில் தொங்கிய அட்டையில் பிரெஞ்சில் இரண்டு வார்த்தைகள்: 'ஏம்பெர்மேயாப்ல்', 'ரெஸ்பிரான்'. முதலாவது, தண்ணீரை உள்ளே விடாது. இரண்டாவது, மூச்சு விடும். அதாவது வெளியே இருக்கும் மழை உள்ளே வராது, உள்ளே இருக்கும் வியர்வை ஆவியாக வெளியே போய்விடும்.

அந்த வருட ஐப்பசியில் அதை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். திரும்பி வந்து கழற்றினால் உள்ளே சட்டை பிழிகிற ஈரம். கோட்டு ஒழுகவில்லை. அவ்வளவும் என் சொந்த வியர்வை.

இந்தத் துணியில் சூதே இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். 1969-இல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர் டெஃப்லான் கம்பியைச் சூடாக்கி மெல்ல இழுத்துப் பார்த்தார், அறுந்துகொண்டே இருந்தது. எரிச்சலில் வெடுக்கென்று இழுத்தார், அது பல மடங்கு நீண்டு கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகளோடு ஜவ்வாகிவிட்டது. தோசைக்கல்லில் ஒட்டாமல் இருக்கப் பூசுகிறார்களே, அதே பொருள்தான். மழைத்துளி அந்தத் துளையில் நுழையாது, ஆவி நுழையும். 1976-இல் கோர்-டெக்ஸ் என்ற பெயரில் துணியாக விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் பிரான்சில் எல்லாரும் போட்டது 1965-இல் வந்த நைலான் 'கா-வே'தான். சுருட்டி இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். 'ஆன் கா', அதாவது 'ஒருவேளை மழை வந்தால்' என்பதிலிருந்து பிறந்த பெயர். அது மூச்சு விடுவதாக யாரிடமும் பொய் சொல்லவில்லை.

என் சண்டை துணியோடு அல்ல, அந்த அட்டையோடு. ஆவி தானாக வெளியே நடந்து போவதில்லை. உள்ளே அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் போகும். கணக்கைப் பாருங்கள். கோட்டுக்குள் நம் உடம்பை ஒட்டிய காற்று 34 டிகிரியில் வியர்வையால் நிறைந்தால் ஒரு கன மீட்டரில் சுமார் 37 கிராம் நீராவி இருக்கும். பாரீசில் 8 டிகிரி குளிரில் மழை பெய்யும்போது வெளிக்காற்றில் இருப்பது 8 கிராம்தான். வித்தியாசம் 29. நம் புதுச்சேரியில் 26 டிகிரியில் அடைமழை பெய்கிறபோது வெளியிலேயே சுமார் 24 கிராம் இருக்கிறது. வித்தியாசம் 13. அங்கே தள்ளுகிற தள்ளலில் பாதிகூட இங்கே கிடையாது. ஆனால் நமக்கு வியர்ப்பதோ அங்கே உள்ளவனைவிடப் பல மடங்கு!

அட்டையில் 10,000 / 10,000 என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது, எத்தனை மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்பது. இரண்டாவது, ஒரு சதுர மீட்டர் துணி வழியே ஒரு நாளில் எத்தனை கிராம் ஆவி போகும் என்பது. இந்த இரண்டாவதை எப்படி அளக்கிறார்கள்? பலரும் காட்டும் ஜப்பானிய முறை ஒன்றில் துணியின் ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் ஈரத்தைப் பேய் போல உறிஞ்சும் உப்புக் கரைசல். கார்த்திகை மாதத்தில் நம் தெருவில் அந்த உப்பை யார் கொட்டி வைத்திருக்கிறார்கள்? முப்பத்தைந்து வருடம் கோப்பு பார்த்தவன் நான். நிபந்தனையை எழுதாமல் தொகையை மட்டும் எழுதி ஒரு கோப்பு என் மேசைக்கு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். எங்கள் தெருவில் சாப்பாடு டெலிவரி செய்யும் ஒரு பையன் இருக்கிறான். என் கோட்டைப் பார்த்து, "தாத்தா, இது நல்லா இருக்குமா?" என்று கேட்டான். பெண் வாங்கித் தந்த பெருமையில், "பிரமாதம்பா" என்று சொல்லிவிட்டேன். (நம் வயதுக்காரர்களுக்கு இந்த வியாதி உண்டு. பிள்ளைகள் அனுப்பியது எதுவும் மட்டமாக இருக்கக் கூடாது.) அவன் கடையில் போய் அதே வார்த்தைகள் எழுதிய, விலை குறைந்த ஒன்றை நான்காயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கினான். இரண்டாவது மழைக்காலத்தில் அதை எடுத்தபோது உள்பக்கம் பிசுபிசுவென்று ஒட்டி, பாம்புச் சட்டை போல உரிந்து வந்தது. கடைக்காரர், "சரியா வெச்சிருக்க மாட்டீங்க" என்றாராம்.

எப்படி வைத்திருக்க வேண்டும்? விலை குறைந்த கோட்டுகளில் பெரும்பாலும் இருப்பது பாலியூரித்தேன் பூச்சு. சூடும் ஈரமும் சேர்ந்தால் அதில் பல வகை தானாகவே சிதையும். அப்படியென்றால் நம் ஊர் பீரோவில் சும்மா இருந்தாலே போதும். பத்து மாதம் மடித்து வைத்து இரண்டு மாதம் போடுகிற ஊரில் இந்தச் சரக்கை விற்கிறவர் அதைச் சொல்லியிருக்க வேண்டாமா?

வெளிப்பக்கத்துக்கும் ஒரு பூச்சு உண்டு, தண்ணீர் தாமரை இலைமேல் போல உருண்டோட. அது தேய்ந்தால் மேல்துணி நனைந்து ஊறும். அப்புறம் உள்ளே எத்தனை விலையுள்ள ஜவ்வு இருந்தாலும் மூச்சு அடைத்துவிடும். இந்தப் பூச்சுக்குப் பயன்பட்ட ஃபுளோரின் ரசாயனங்கள் மண்ணிலும் தண்ணீரிலும் அழியாமல் தங்குகின்றன. பிரான்சில் 2025 பிப்ரவரியில் சட்டம் போட்டு, 2026 ஜனவரி 1 முதல் சாதாரண உடுப்புகளில் அவற்றைத் தடுத்திருக்கிறார்கள். அங்கே விற்க முடியாத சரக்கு எந்தத் துறைமுகத்தில் இறங்கும் என்று கேட்டு வைக்கிறேன்.

"அப்படியானால் நனைய வேண்டியதுதானா?" என்பீர்கள். 2024 நவம்பரில் ஃபெஞ்சல் வந்து ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த மாதிரி மழைக்கு வீட்டில் இருப்பதுதான் கோட்டு. மற்ற மழைக்குக் காற்று வேண்டும், ஜவ்வு வேண்டாம். நடக்கிறவருக்குக் குடை. வண்டியில் போகிறவருக்கு அக்குளிலும் முதுகிலும் திறப்பு வைத்த, தொளதொளவென்ற சாதாரண ரப்பர் கோட்டு. நான் படித்த பள்ளிக்கூடப் புத்தகங்களில் பிரெஞ்சுப் பிள்ளைகள் 'பெலெரின்' என்ற கை இல்லாத மேலங்கியோடு இருப்பார்கள், கீழே முழுக்கத் திறப்பு. நடக்க அது நல்ல யோசனை, ஆனால் ஸ்கூட்டரில் வேண்டாம், சக்கரத்தில் மாட்டிக்கொள்ளும்.

பையனுக்கு எழுநூறு ரூபாய் கோட்டு ஒன்று நானே வாங்கிக் கொடுத்தேன். செருப்புத் தைப்பவரிடம் சொல்லி இரண்டு அக்குளிலும் வளையம் அடித்துத் துளை போட்டோம். முதலில் வாங்கமாட்டேன் என்றான், நான் விடவில்லை. பாரீஸ் கோட்டை மகளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். மார்ச் மாதத்தில் மெத்ரோவுக்கு நடந்து போகும்போது மருமகன் போட்டுக்கொள்கிறாராம். உள்ளே துளி ஈரம் இல்லை என்று போனில் சொன்னார்.