பொம்மை சேர்த்தால் என்ன தப்பு?



போன இதழில் ‘எனது பொழுதுபோக்கு’ பகுதியில் தபால்தலை சேர்ப்பவர், நாணயம் சேர்ப்பவர், தீப்பெட்டிப் படம் சேர்ப்பவர், கிரிக்கெட் வீரர்கள் படம் ஒட்டி வைப்பவர் என்று ஏழெட்டுப் பேர் எழுதியிருந்தார்கள். பொம்மை சேர்க்கிறேன் என்று ஒருத்தர்கூட எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். எழுதினால் மறுநாள் பிரேயரில் நிற்கும்போதே கிண்டல் ஆரம்பித்துவிடும்.

நான் எழுதுகிறேன். நான் பதினோராம் வகுப்பு. பையன்தான். எங்கள் வீட்டில் 26 பொம்மை இருக்கிறது, இப்போது அதற்கெல்லாம் பொறுப்பு நான். சிரிக்கிறவங்க சிரிச்சு முடிச்சிட்டு மேலே படிங்க.

‘பொம்மை பொம்பளப் பிள்ளைக சமாச்சாரம்’ என்பதுதான் முதல் குற்றச்சாட்டு. இதற்கு ஒரே ஒரு ஆளைக் காட்டினால் போதும். சங்கர் என்ற பெயரில் கார்ட்டூன் வரைந்த கே. சங்கர பிள்ளை. நமக்கு மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் காயங்குளத்தில் 1902-ல் பிறந்தவர். நேருவையே கேலிச்சித்திரம் போட்டவர். குழந்தைகளுக்கு அவர் நடத்திய போட்டியில் பரிசாகக் கொடுக்கச் சொல்லி, ஹங்கேரி நாட்டுத் தூதர் ஒரு பொம்மையை அவரிடம் கொடுத்தார். அந்தப் பொம்மை அவரை மயக்கிவிட்டது. அதற்குப் பிறகு எந்த நாட்டுக்குப் போனாலும் ஒரு பொம்மை வாங்காமல் திரும்ப மாட்டாராம். சேர்ந்தது ஐந்நூறு அளவுக்கு வந்ததும், குழந்தைகள் வரைந்த படங்களோடு சேர்த்து ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கண்காட்சி வைத்தார். கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டி, பொம்மைகள் சேதமாக ஆரம்பித்தன. இதற்கு நிலையான ஒரு இடம் வேண்டும் என்று சொன்னவர் இந்திரா காந்தி. 1965 நவம்பர் 30-ம் தேதி டெல்லியில் பொம்மை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர் அப்போதைய ஜனாதிபதி டாக்டர் எஸ். ராதாகிருஷ்ணன். சுமார் 85 நாட்டுப் பொம்மைகள், ஆறாயிரத்துக்கும் மேலே! ஆசிரியர் தினத்துக்கு நாம் படம் வைத்து மாலை போடுகிறோமே, அவரே திறந்து வைத்த விஷயம் இது. இதைவிட என்ன சிபாரிசு வேண்டும்?

இரண்டாவது குற்றச்சாட்டு, ‘அது வசதியானவங்க வேலை.’ இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நம்ம ஊரில் கொலு வைக்கிற வீடு எத்தனை? விரல் விட்டு எண்ணலாம். புரட்டாசியில் படி கட்டி, ஒன்பது நாள் வைத்து, வருகிறவர்களுக்குச் சுண்டல் கொடுத்து, வருஷா வருஷம் ஒரு புது பொம்மையாவது வாங்கிச் சேர்ப்பதற்குக் காசும் வேண்டும், இடமும் வேண்டும். தினமும் விடியும் முன்னே ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலக்காய்க் காட்டுக்குப் போகிற வீட்டில் யார் படி கட்டுவது?

ஆனால் பொம்மை என்றால் கொலு மட்டும்தானா? சங்க காலத்துப் பெண் பிள்ளைகள் ஆற்று மணலிலும் கடற்கரை மணலிலும் செய்து விளையாடிய வண்டற்பாவை நம் தமிழ்ப் பாடத்திலேயே வருகிறது. அதற்குக் காசு ஏது, கடை ஏது? கோயிலில் பிள்ளை வரம் கேட்டு மண் பொம்மை வைக்கிறவர்கள், அய்யனாருக்குப் புரவி எடுக்கிறவர்கள் எல்லாம் பங்களாக்காரர்களா? மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரியில் மண் பொம்மை செய்கிற குடும்பங்கள் இருக்கின்றன. புரட்டாசிக்குக் கொலு பொம்மை செய்த அதே கைதான் மார்கழிக்குக் கிறிஸ்துமஸ் குடில் பொம்மையும் செய்கிறது. களிமண்ணுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

எங்கள் வீட்டுக்குப் பொம்மை வந்ததும் வசதியால் இல்லை. எங்க அம்மாச்சி போடியில் ஒரு வீட்டில் வீட்டுவேலை பார்த்தாங்க. கொலு வைக்கிற வீடு. அவங்க வீட்டைக் காலி பண்ணிட்டுச் சென்னைக்குப் போனபோது, தூக்கிக்கொண்டு போக முடியாத பொம்மைகளை அம்மாச்சியிடம் கொடுத்துவிட்டார்கள். ஒரு மரப்பாச்சி ஜோடி, ஒரு தஞ்சாவூர் தலையாட்டி, ஒரு செட்டியார் - செட்டிச்சி. செட்டியார் முன்னால் வைக்கிற குட்டிப் பலசரக்குக் கடையும் சேர்த்துத்தான். அந்தக் கடைத் தட்டில் அம்மாச்சி நிஜ அரிசி, நிஜ துவரம்பருப்பு போட்டு வைப்பாங்க. மாசக் கடைசியில் அந்தப் பருப்பையும் எடுத்துக் குழம்பில் போட்ட நாள் உண்டு என்று அம்மா சொல்லிச் சிரிப்பாங்க.

அதற்கு மேலே சேர்ந்ததெல்லாம் வீரபாண்டித் திருவிழாவில் வாங்கியது. முல்லையாற்றங்கரையில் சித்திரை மாசம் நடக்கிற கௌமாரியம்மன் திருவிழா, உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். ராட்டினம், மிட்டாய்க் கடை, அப்புறம் பொம்மைக் கடை. அம்மா வருஷத்துக்கு ஒண்ணு வாங்குவாங்க. கையில் காசு இருந்த வருஷம் பெரிய மண் பொம்மை. இல்லாத வருஷம் பத்து ரூபாய் பிளாஸ்டிக் கிளி. அதனால் எங்கள் வீட்டு அலமாரியைப் பார்த்தாலே எந்த வருஷம் எப்படி இருந்தது என்று சொல்லிவிடலாம். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையில் எல்லையை அடைத்து, மலைக்கு வேலைக்குப் போனவர்கள் எல்லாம் திரும்பி வந்தார்களே, அப்போது நான் கைக்குழந்தை. அடுத்த சித்திரைக்கு வாங்கியது ஒரு சின்ன மண் யானை, அதுவும் தும்பிக்கை உடைஞ்சதால் பாதி விலைக்குக் கொடுத்தது. 2020-ல் கொரோனா ஊரடங்கு, திருவிழாக் கூட்டமே இல்லை. அந்த வருஷத்துக்குப் பொம்மையும் இல்லை.

நடுவில் 2019 இருக்கிறது. ஏலக்காய் வீட்டுப் பிள்ளைகள் யாருக்கும் அந்த வருஷம் மறக்காது. முந்தின வருஷம் ஆகஸ்டில் கேரளாவில் பெருவெள்ளம், அடுத்தாற்போல வறட்சி, காய் இல்லை. அதனால் விலை ஏறிக்கொண்டே போய், 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. ஊரே அதைத்தான் பேசியது. எங்க அப்பாவும் அதுவரைக்கும் கூலிக்குப் போனவர், கடன் வாங்கி மலையில் கொஞ்சம் நிலம் குத்தகைக்குப் பிடித்தார். அந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்தது ராமர் பட்டாபிஷேக செட். இரண்டு பேர் தூக்க வேண்டிய பெட்டி! அக்கா அதைத் துடைத்துத் துடைத்தே பெயிண்ட்டைப் போக்கிவிடுவாளோ என்று நான் பயந்தேன்.

பிறகு நடந்தது உங்களில் பல பேர் வீட்டிலும் நடந்ததுதான். கொரோனாவில் பாஸ் இல்லாமல் எல்லை தாண்ட முடியவில்லை. காய் பழுத்தாலும் எடுக்க ஆள் இல்லை. விலையோ விழுந்து விழுந்து, 2022-ல் ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. உரத்துக்கும் மருந்துக்கும் கூலிக்கும் கொடுத்ததே திரும்பவில்லை. அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. அப்புறம் ஒரு நாள், பழைய சாமான் வாங்குகிற வியாபாரி ஒருத்தர் வந்து மரப்பாச்சி ஜோடிக்கு 1,500 ரூபாய் தருகிறேன் என்றார்.

இந்தக் கட்டுரை எழுதுவதற்கே அந்த 1,500 ரூபாய்தான் காரணம்.

அக்கா கொடுக்கக் கூடாது என்றாள். அழுதாள். அவளுக்கு அப்போது கல்யாணம் பேசி முடித்திருந்தது. கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்கு மரப்பாச்சி கொடுத்தனுப்புகிற வழக்கம் சில வீடுகளில் உண்டு. அம்மாச்சி அதைப் போடி வீட்டில் பார்த்தவங்க, அக்காவிடம் சின்ன வயசிலேயே ‘உனக்குத்தான்டி’ என்று சொல்லி வைத்திருந்தாங்க. அதே அம்மாச்சிதான் அன்றைக்கு, ‘பொம்மை சோறு கேக்காது, பிள்ளைக கேக்கும். குடுத்துருத்தா’ என்று அம்மாவிடம் சொன்னாங்க. அம்மா கொடுத்துட்டாங்க.

அம்மா செய்தது சரி என்பது என் கருத்து. அக்கா இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டாள். அவள் சொல்வதிலும் நியாயம் உண்டு. நல்ல மரப்பாச்சி செம்மரத்தில் செய்வது. இப்போது செம்மரம் வெட்டவும் விற்கவும் கடுமையான கட்டுப்பாடு இருப்பதால் அப்படி ஒன்று புதிதாகக் கிடைப்பது அபூர்வம். வியாபாரிக்கு அது தெரியும், எங்களுக்குத் தெரியாது என்கிறாள். இருக்கலாம். ஆனால் ரேஷன் அரிசிக்கு மேலே எதுவும் வாங்க முடியாத மாசத்தில், அலமாரியில் 1,500 ரூபாய் நின்றுகொண்டிருப்பதை வீட்டுக்காரி எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? ‘எவ்வளவு கஷ்டம் வந்தாலும் விற்காமல் காப்பாற்றினார்’ என்று பெரியவர்களைப் பற்றி எழுதுவார்கள். அப்படி எழுதுவதைப் படித்தால் எனக்கு இப்போதெல்லாம் கோபம் வருகிறது. விற்றவர்களுக்கு அந்தப் பொருள் மேலே பிரியம் இல்லையா என்ன? மரப்பாச்சியைத் துணியில் சுற்றிக் கொடுக்கும்போது அம்மா முகத்தை நான் பார்த்தேன்.

ஆனால் ஒன்று சொல்வேன். விற்றதைவிட, அந்த ஜோடி எந்த வீட்டிலிருந்து எந்த வருஷம் வந்தது என்று எங்கேயும் எழுதி வைக்காததுதான் எனக்கு வருத்தம். ஒரு போட்டோகூட இல்லை. அம்மாச்சிக்கு இப்போது ஞாபகம் தடுமாறுகிறது. ஒரு நாள் அந்த வீட்டம்மா கொடுத்தாங்க என்கிறாங்க, ஒரு நாள் திருப்பதியில் வாங்கினேன் என்கிறாங்க. அதனால் 2022-ல் அக்கா கல்யாணமாகிச் சின்னமனூர் போனதும், ‘தம்பி, நீ பாத்துக்கடா’ என்று விட்டுப்போன மற்ற பொம்மைகளுக்கு நான் ஒரு நோட்டுப் போட்டேன். ஒரு பொம்மைக்கு ஒரு பக்கம். எப்போது, யார், எவ்வளவுக்கு வாங்கியது, அந்த வருஷம் வீட்டில் என்ன நடந்தது. கணக்கு நோட்டு மாதிரிதான் இருக்கும், அழகாக எல்லாம் இருக்காது.

தஞ்சாவூர் தலையாட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘எத்தனை முறை தள்ளினாலும் எழுந்து நிற்கும், அதுபோல வாழ்க்கையில்...’ என்று பேச்சுப் போட்டியில் ஆளாளுக்குச் சொல்கிறோம். அது எழுந்து நிற்பதற்குக் காரணம் தைரியம் இல்லைங்க, அடியில் இருக்கிற கனம். உருண்டையான அடிப்பாகத்தில் எடையை வைத்து ஈர்ப்பு மையத்தைக் கீழே இறக்கியிருக்கிறார்கள். பிசிக்ஸ் சார் கேட்டால் ஐந்து மதிப்பெண் வினா. எங்கள் வீட்டில் அந்தக் கனமாக இருந்தது, அம்மா வாரம் ஆறு நாள் மலையேறிக் கொண்டுவந்த கூலி.

ஜப்பானில் மார்ச் 3-ம் தேதி பெண் குழந்தைகளுக்காகப் பொம்மைத் திருவிழா கொண்டாடுகிறார்கள். நம் கொலு மாதிரியே படி கட்டி, சிவப்புத் துணி விரித்து, மேலே ராஜா ராணி. திருவிழா முடிந்தும் பொம்மையை எடுத்து வைக்காவிட்டால் அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகும் என்று அங்கேயும் பாட்டிகள் பயமுறுத்துவார்களாம்! அதுவல்ல நான் சொல்ல வந்தது. 1927-ல் அமெரிக்கக் குழந்தைகள் நட்புக்கு அடையாளமாக 12,000-க்கும் மேற்பட்ட பொம்மைகளை ஜப்பானுக்கு அனுப்பினார்கள். அவை பள்ளிக்கூடங்களுக்குத்தான் பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஜப்பானும் பதிலுக்கு 58 பெரிய பொம்மைகளை அனுப்பியது. பிறகு இரண்டாம் உலகப் போர் வந்து இரண்டு நாடும் எதிரியானது. பொம்மைகளும் எதிரி என்று சொல்லி எரித்தார்கள், உடைத்தார்கள். அந்தச் சமயத்திலும் சில ஆசிரியர்கள் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று தெரிந்தே பொம்மைகளை ஒளித்து வைத்தார்கள். போர் முடிந்து பல வருஷம் கழித்து ஒவ்வொன்றாக வெளியே வந்து, சுமார் 300 பொம்மைகள் இன்றும் இருக்கின்றன. பிழைத்ததில் பல, பள்ளிக்கூடத்தில் யாரோ ஒருத்தர் பத்திரப்படுத்தியதால் பிழைத்தவை.

அதனால் நம் தலைமையாசிரியர் அய்யாவிடமும் நூலகப் பொறுப்பாசிரியரிடமும் ஒரு வேண்டுகோள். நூலக அறையில் ஜன்னல் ஓரம் இருக்கிற அலமாரியின் கீழ்த்தட்டு இரண்டு வருஷமாகக் காலியாகத்தான் கிடக்கிறது. அதை எங்களுக்குக் கொடுங்கள். யார் வேண்டுமானாலும் ஒரு பொம்மை கொண்டுவந்து வைக்கட்டும். மண், மரம், பிளாஸ்டிக், துணி, கை உடைந்தது, கண் அழிந்தது, எதுவானாலும் சரி. கொலு என்று பேர் வேண்டாம். எந்தச் சாமியும் இருக்கலாம், சாமியே இல்லாமலும் இருக்கலாம். பையன்களும் வைக்கலாம் (இதை அடிக்கோடிட்டுப் படிக்கவும்). மேலே போகிற அம்மா அப்பாவுக்காகப் பாட்டி வீட்டில் காத்திருக்கிற பிள்ளைகள் நம் பள்ளியில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். அவர்களிடம் நிச்சயம் ஒரு பொம்மை இருக்கும்.

ஒரே ஒரு நிபந்தனை. பொம்மையோடு ஒரு துண்டுச் சீட்டு வைக்க வேண்டும். வாங்கிய வருஷம், வாங்கியவர் உங்களுக்கு என்ன உறவு, அப்போது வீட்டில் நல்லதோ கெட்டதோ என்ன நடந்தது என்று நாலு வரி. உங்கள் பெயர் எழுத வேண்டியதில்லை. வேண்டும் என்கிறபோது பொம்மையைத் திரும்ப எடுத்துப் போகலாம், விற்பதற்காக இருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது. சீட்டை மட்டும் தட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

அனுமதி கிடைத்தால் சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் நான் மூன்று கொண்டுவருகிறேன். பிளாஸ்டிக் கிளி, தும்பிக்கை உடைந்த யானை, செட்டியார் - செட்டிச்சி. செட்டியார் கடைத் தட்டுக்கு அரிசி பருப்பு யாராவது கொண்டு வாங்க, எறும்பு வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.