செய்திக்குச் சந்தா கட்டுவோம்

பத்திரிகைக்காக நெய்யாற்றின்கரை கொடுத்த விலை பெரிது. அங்கு 1878-இல் பிறந்த ராமகிருஷ்ண பிள்ளை, ‘சுதேசாபிமானி’ இதழின் ஆசிரியராகத் திருவிதாங்கூர் திவானைத் துணிந்து விமர்சித்தார். 1910 செப்டம்பர் 26 அன்று அச்சகம் பறிமுதலானது. அவர் நாடு கடத்தப்பட்டார். ஆசிரியருக்கு முழுச் சுதந்திரம் தந்திருந்த உரிமையாளர் வக்கம் மௌலவி, போட்ட முதலையும் இழந்தார்.

இன்று அப்படித் துணிந்து எழுதும் பத்திரிகையின் செலவை யார் ஏற்பது? விளம்பரதாரரும் அரசும் மட்டுமே படியளந்தால் பேனா அவர்கள் பக்கமே சாயும். பனச்சமூடு போன்ற தமிழக-கேரள எல்லை ஊர்களுக்கு இது நேரடி இழப்பு. திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் இவ்வூர் கடைக்கோடி. எல்லை வழியே நடக்கும் ரேஷன் அரிசிக் கடத்தலையும் கனிம லாரிகளையும் நேரில் பார்த்து எழுத ஆள் வேண்டும். அவருக்குச் சம்பளம் வேண்டும்.

வாசலில் விழும் தாளுக்கு மாதாமாதம் பணம் தரும் நாம், இ-பேப்பரை மட்டும் வாட்ஸ்அப்பில் இலவசமாகச் சுற்றுக்கு விடுகிறோம். இது சரியல்ல. லண்டன் ‘கார்டியன்’ தன் இணையதளத்தைத் திறந்தே வைத்து, வாசகர் தரும் பணத்தையும் நம்பி நடக்கிறது. இங்கும் இயன்றவர்கள் ஒரு நாளிதழுக்கேனும் இணையச் சந்தா கட்ட வேண்டும். இயலாதவர்களுக்காக ஊர் நூலகங்கள் கட்டட்டும். அதற்குப் பஞ்சாயத்துகள் நிதி ஒதுக்கட்டும்.