செவிலியர் ஆய்வுகளும் பின்னட்டை வாசிப்பும்

ஒரு நாவலின் பின்னட்டையை மட்டும் படித்துவிட்டு மதிப்புரை எழுதுபவரை நம்மில் எவரும் மன்னிப்பதில்லை. ஆனால் அறிவியல் ஆய்வு என்று வந்துவிட்டால் அதே நாம் ஆய்வுச் சுருக்கத்தின் கடைசி இரண்டு வரிகளோடு எழுந்துவிடுகிறோம். அந்த இரண்டு வரிகளையும் ஏதேனும் ஒரு நாளிதழ் மேலும் சுருக்கி, 'ஆய்வு சொல்கிறது' என்று தலைப்பிட்டிருக்கும். அதன்பிறகு சிலர் தலைவணங்கி ஏற்றுக்கொள்கிறார்கள். சிலர் 'புள்ளிவிவரத்தை வைத்து எதைத்தான் நிறுவ முடியாது' என்று கைகழுவிவிடுகிறார்கள். பின்னது அறிவார்ந்த நிலைப்பாடுபோலத் தோன்றுவதால் இலக்கிய வட்டாரத்தில் அதற்கே மவுசு அதிகம். இரண்டுமே வாசிக்காமல் தப்பிக்கும் வழிகள் என்பது நம் கருத்து.

செவிலியர் ஆய்வுகளை இங்கே எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. ஒரு மாத்திரையைச் சோதிப்பதென்றால் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மருந்தும் மறு குழுவுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்க்கலாம். செவிலியரின் வேலையோ இரவில் ஒருமுறை கூடுதலாக எட்டிப் பார்ப்பது, மூச்சில் நேர்ந்த சிறு மாற்றத்தைக் கவனிப்பது போன்றது. அதை மாத்திரைக்குள் அடைக்க இயலாது. எனவே இத்துறையின் ஆய்வுகள் பெரும்பாலும் மருத்துவமனைப் பதிவேடுகளையும் கேள்வித்தாள்களையும் நேர்காணல்களையும் நம்பி எழுதப்படுகின்றன. யாரோ ஒருவர் சொன்னதை வேறொருவர் தொகுத்துத் தருகிறார். கதைசொல்லியை ஐயுறப் பழகிய வாசகருக்கு இங்கே நிரம்ப வேலை இருக்கிறது.

மிகுதியாக மேற்கோள் காட்டப்படும் ஓர் ஆய்வையே பார்ப்போம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்டா எய்க்கனும் அவர் குழுவினரும் 2002 அக்டோபரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஜாமா இதழில் வெளியிட்டது அது. ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, அறுவைச் சிகிச்சை பெற்றவர்கள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்பது அதன் சாரம். இந்த 7 சதவீதம் அதன்பின் உலகெங்கும் தொழிற்சங்க மேடைகளிலும் சட்டமன்றங்களிலும் ஒலித்திருக்கிறது. செவிலியருக்கு இத்தனை நோயாளிகளுக்கு மேல் கூடாது என்ற கலிபோர்னியச் சட்டம் இந்த ஆய்வின் விளைவு என்று சொல்லக் கேட்டால் நம்ப வேண்டாம். சட்டம் 1999இல் நிறைவேறியது. 2004இல் நடைமுறைக்கு வந்தது. ஆய்வு இடையில் வந்து சேர்ந்துகொண்டது.

சரி, எதன் 7 சதவீதம்? ஆய்வில் இடம்பெற்ற 2,32,342 நோயாளிகளில் 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் 4,535 பேர், ஏறத்தாழ 2 சதவீதம். அதாவது ஆயிரத்துக்கு 20. அதில் 7 சதவீதம் என்றால் ஆயிரத்துக்கு ஒன்றரை உயிர்கூட இல்லை. செவிலியர் ஒருவருக்கு 4 நோயாளிகள் என்பது 8 ஆகும்போது ஆயிரத்துக்குச் சுமார் 5 உயிர்கள் கூடுதலாகப் போகும் என்பது ஆய்வாளர்களே தரும் கணக்கு. இது சிறிய எண் என்று நாம் சொல்லவில்லை. ஐந்து வீடுகளில் அழுகுரல். ஆனால் 'நூற்றுக்கு ஏழு பேர் கூடுதலாக இறப்பார்கள்' என்று புரிந்துகொண்டவர் வேறொரு ஆய்வைப் படித்துவிட்டார்.

அடுத்து, செவிலியரின் பணிச்சுமை எப்படித் தெரியவந்தது? ஆய்வாளர்கள் வார்டுகளில் நின்று எண்ணவில்லை. பென்சில்வேனியாவில் வசித்த பதிவுபெற்ற செவிலியரில் பாதிப் பேருக்குக் கேள்வித்தாள் அனுப்பினார்கள். கடைசிப் பணிநேரத்தில் உங்கள் பொறுப்பில் எத்தனை நோயாளிகள் என்பது கேள்வி. பதில் அனுப்பியவர்கள் 52 சதவீதம். இவ்வாறு 168 மருத்துவமனைகளில் பணியாற்றிய 10,184 பேரின் பதில்களைக் கொண்டு ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு சராசரி கணக்கிடப்பட்டது. பதில் அனுப்பாத 48 சதவீதத்தினர் யார்? மனநிறைவோடு இருந்ததால் குறைசொல்லத் தோன்றாதவர்களா, அல்லது கேள்வித்தாள் நிரப்பக்கூடத் தெம்பில்லாதவர்களா? முந்தையவர் எனில் ஆய்வு சுமையை மிகைப்படுத்துகிறது; பிந்தையவர் எனில் குறைத்துக் காட்டுகிறது. இங்கே பென்சிலால் ஓர் அடிக்கோடு இட்டுவைப்பது நல்லது.

காரணகாரியம் பற்றிய கேள்வியும் உண்டு. வசதிமிக்க மருத்துவமனை கூடுதல் செவிலியரை அமர்த்தும். நல்ல கருவிகளையும் வாங்கும். நோயாளியைக் காப்பாற்றியது எது? எய்க்கன் குழுவினர் மருத்துவமனையின் அளவு, தொழில்நுட்பம், மருத்துவக் கல்வி நடைபெறுகிறதா என்பவற்றையும் நோயாளிகளின் உடல்நிலையையும் கணக்கில் கொண்டே இந்த முடிவுக்கு வந்தார்கள். அளக்கப்பட்டதைத்தான் கணக்கில் கொள்ள முடியும் என்ற வரம்பு இருக்கவே செய்கிறது.

அதே 2002ஆம் ஆண்டு மே மாதத்தில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஜாக் நீடில்மன் குழுவினரின் ஆய்வு வெளியானது. 11 மாநிலங்கள், 799 மருத்துவமனைகள், அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். பதிவுபெற்ற செவிலியரின் கவனிப்பு மிகுந்த இடங்களில் சிறுநீர்த் தொற்றும் நிமோனியாவும் இன்னும் சில சிக்கல்களும் குறைவு என்று அது கண்டது. ஆனால் மருத்துவமனைக்குள் நிகழும் மரணத்தோடு தொடர்பு எதையும் காணவில்லை. ஒரே ஆண்டில் இரு பெரும் இதழ்களில் இருவேறு பதில்கள். கைகழுவும் கட்சியினர் இங்கே கைதட்டுவார்கள். அவர்கள் இரு கட்டுரைகளின் முறையியல் பகுதியையும் அருகருகே வைத்துப் படித்தால் வேறு ஒன்று புலப்படும். எய்க்கன் எண்ணியது, வீடு திரும்பியவர்கள் உட்பட, 30 நாட்களுக்குள் நேர்ந்த மரணங்களை. அதுவும் அறுவைச் சிகிச்சை பெற்றவர்களிடையே மட்டும். நீடில்மன் எண்ணியது மருத்துவமனைச் சுவர்களுக்குள் நிகழ்ந்தவற்றை. முன்னவர் சுமையைச் செவிலியரிடமே கேட்டார். பின்னவர் நிர்வாகப் பதிவுகளிலிருந்து பணிநேரத்தைக் கணக்கிட்டார். 'மரணம்' என்ற ஒரே சொல் இரண்டு கட்டுரைகளிலும் வேறு பொருளில் புழங்குகிறது. சொல்லின் பொருள் இடத்துக்கிடம் மாறுவது நமக்கா புதிது?

இரு ஆய்வுகளிலும் வரும் இன்னொரு சொல் 'மீட்கத் தவறுதல்'. 1992இல் ஜெஃப்ரி சில்பர் குழுவினர் முன்வைத்த அளவுகோல் இது. சிக்கல் ஏற்பட்ட நோயாளிகளில் எத்தனை பேர் காப்பாற்றப்படாமல் இறந்தார்கள் என்பதை அளக்கிறது. அழகான கருத்து, செவிலியரின் விழிப்பை மறைமுகமாகத் தொடுகிறது. ஆனால் சிக்கல் ஏற்பட்டது என்று எவரேனும் கவனித்து எழுதிவைத்தால்தான் அது பதிவேட்டில் ஏறும். ஆள் மிகுந்த வார்டில் சிறு சிக்கல்கள்கூடப் பதிவாகக்கூடும். ஆள் குறைந்த வார்டில் அவை எவர் கண்ணிலும் படாமலே போகக்கூடும். அளவுகோலின் ஒரு முனையைச் செவிலியரே பிடித்திருக்கிறார்.

ஐயத்துக்கு ஓர் எல்லையும் வேண்டும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலம் 2016இல் குறிப்பிட்ட சில பொது மருத்துவமனைகளுக்கு மட்டும் செவிலியர் விகிதத்தைச் சட்டமாக்கியது. சட்டம் பொருந்திய 27 மருத்துவமனைகளையும் பொருந்தாத 28 மருத்துவமனைகளையும் முன்னும் பின்னும் ஒப்பிட்டு மேத்யூ மெக்ஹியூ குழுவினர் 2021இல் லான்செட் இதழில் எழுதினார்கள். சுமையில் ஒரு நோயாளி குறைந்தபோது 30 நாள் மரண வாய்ப்பு 7 சதவீதம் குறைந்திருந்தது. கூடுதல் செவிலியருக்கான செலவைப்போல் இருமடங்குக்கு மேல் மிச்சமானது என்றும் கணக்கிட்டார்கள். இதுவும் குலுக்கல் முறை ஆய்வன்று. எய்க்கனும் இக்குழுவில் ஒருவர் என்பதையும் மறக்கலாகாது. ஆயினும் இவ்வளவுக்குப் பின்னும் 'எதையும் நிறுவலாம்' என்று சொல்பவர் படிக்க மறுக்கிறார் என்றே கொள்வோம்.

நம் ஊர் அரசு மருத்துவமனையின் பொதுப் பிரிவில் இரவுப்பணி பார்க்கும் செவிலியரைக் கண்டவர்களுக்கு 8 நோயாளிகள் என்பதே சொகுசாகத் தோன்றும். அதனால்தான் இந்த 7 சதவீதத்தை அப்படியே இங்கே இறக்குமதி செய்யக் கை துறுதுறுக்கிறது. எட்டிலிருந்து நாற்பது வரை அதைப் பெருக்கிக்கொண்டே போனால் வாய்ப்பு எட்டரை மடங்கைத் தாண்டும். கணக்கு சரி, ஆனால் பென்சில்வேனியாவில் சராசரிகள் ஏறத்தாழ நாலுக்கும் எட்டுக்கும் இடையில்தான் இருந்தன. அதற்கு அப்பால் என்ன நேரும் என்பதற்கு அந்த ஆய்வு சாட்சி சொல்ல முடியாது. இங்கே நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பதும் மருந்து வாங்கி வருவதும் உடனிருக்கும் உறவினர். அவரை எந்தப் பத்தியில் எழுதுவது? நமக்கான ஆய்வு இங்கேதான் நடந்தாக வேண்டும்.

எண்களை இவ்வளவு குடையும் நாம் நேர்காணல் வழி ஆய்வுகளிடம் மட்டும் இளகிவிடுகிறோம். நல்ல உரைநடை கண்டால் மயங்கும் பழக்கம்தான். பாட்ரிசியா பென்னரின் 1984ஆம் ஆண்டு நூல் செவிலியரின் அனுபவக் கூற்றுகளைக் கொண்டு, தொடக்கநிலையினர் எப்படிப் படிப்படியாகத் தேர்ச்சி அடைகிறார்கள் என்று விளக்குகிறது. செவிலியர் கல்வியில் பெரும் செல்வாக்குப் பெற்ற நூல். அனுபவம் மிக்க செவிலியர் அளவீடுகள் காட்டுமுன்பே ஏதோ சரியில்லை என்று உணர்வதாக வரும் பகுதிகள் சிறுகதைக்கு நிகரானவை. ஆனால் உணர்ந்து, ஒன்றும் நிகழாமல் விடிந்த இரவுகளை எவர் சொல்வார்? முடிவு தெரிந்தபின் நினைவுகூரப்படுபவை இக்கதைகள். நேர்காணல் ஆய்வில் யாரைத் தேர்ந்தார்கள், கேட்டவர் அவருக்கு மேலதிகாரியா, பொருந்தாத கூற்றுகளை என்ன செய்தார்கள் என்பவற்றை எழுதியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். எழுதவில்லையெனில், கூற்று எவ்வளவு நெகிழ்ச்சியாக இருந்தாலும் ஆய்வு அரைகுறைதான்.

இன்னொன்று. நோயாளியைத் தொடாமலே உடலுக்குச் சற்று மேலாகக் கைகளை அசைத்து ஆற்றலைச் சீராக்குவதாகச் சொல்லும் 'சிகிச்சைத் தொடுகை' அமெரிக்கச் செவிலியரிடையே 1970களிலிருந்து பரவியது. எமிலி ரோசா என்ற சிறுமி ஒன்பது வயதில் ஓர் அட்டைத் தடுப்பை வைத்து இதைச் சோதித்தாள். தடுப்புக்கு அப்பால் நீட்டிய இரு கைகளில் எதன்மேல் அவள் கை இருக்கிறது என்று 21 பேர் சொல்ல வேண்டும். 280 முயற்சிகளில் 123 சரி, 44 சதவீதம். நாணயம் சுண்டியிருந்தால்கூட இதைவிடச் சற்று மேலாக வந்திருக்கும். 1998இல் ஜாமா இதை வெளியிட்டது. நமக்கு இக்கட்டுரை பிடிக்கும். பிடிப்பதாலேயே கூடுதலாகக் குடைய வேண்டியிருக்கிறது. உடனெழுதியவர்களில் சிறுமியின் தாயும் ஒருவர். அவர் செவிலியர், இம்முறையை எதிர்த்துவந்தவர். சோதனை காட்டியது, கை அருகிலிருப்பதை அவர்கள் உணரவில்லை என்பதை. நோயாளிக்கு ஆறுதல் கிட்டியதா என்பது அதில் கேட்கப்படவே இல்லை.

தமிழில் ஆய்வுச் செய்திகள் எழுதும் நண்பர்களிடம் நாம் கேட்பது அதிகமில்லை. எத்தனை பேர், யாரோடு ஒப்பிட்டு, ஆயிரத்துக்கு எத்தனை, எண்ணியது யார் என்ற நான்கையும் அச்சிடுங்கள். இடம் போதாதென்றால் செவிலியர் தினத்தன்று வழக்கமாக வெளியிடும் கைவிளக்குப் படத்தைச் சற்றே சிறிதாக்கிக்கொள்ளலாம்.