ஒரே சாவி, எல்லாக் கதவும்!

போன வாரம் அம்மாவுக்குப் புது போன் வாங்கி, யு.பி.ஐ. போட்டுக் கொடுத்தேன். போன் லாக், ஏ.டி.எம். பின், யு.பி.ஐ. பின் மூன்றுக்கும் ஒரே நம்பர். கேட்டால், "எத்தனையத்தான்டி ஞாபகம் வச்சுக்கிறது?" என்கிறார். பூட்டு ஊர்க்காரங்களே இப்படிச் சொன்னால் எப்படி?

எங்கள் திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் செய்கிற பூட்டு. சாவியின் வெட்டுக்கு ஏற்ப உள்ளே இருக்கும் லீவர்கள் சரியான உயரத்துக்கு எழும்பினால்தான் திறக்கும். பார்க்க அதே மாதிரி இருக்கும் வேறு சாவியைப் போட்டால் அசையாது. ஆக, பாதுகாப்பில் பாதி சாவியிடம், மீதி பாதி பூட்டிடம்.

இணையத்திலும் இதே கதைதான். பாஸ்வேர்டு போட்டு உள்ளே போனதும் சர்வர் நமக்கு ஒரு டோக்கன் கொடுக்கும். 'இவர் இன்னார்' என்பதற்கு ஒரு டோக்கன். 'இவர் இதையெல்லாம் செய்யலாம்' என்பதற்கு இன்னொன்று. பாஸ்வேர்டு மறந்தால் மெயிலில் வரும் லிங்க்கில் இருப்பதும் ஒருவகை டோக்கன்தான். அது அசல்தான் என்று காட்ட, சர்வர் அதில் டிஜிட்டல் கையெழுத்து போடும். அந்தக் கையெழுத்தைப் போட உதவும் ரகசியக் குறியீட்டுக்குத்தான் சாவி என்று பெயர். அது திருடு போனால், திருடனே டோக்கன் தயாரித்துக்கொள்ளலாம். நம் பாஸ்வேர்டே தேவையில்லை! அதனால்தான் ஒவ்வொரு வேலைக்கும் தனிச் சாவி வைக்கச் சொல்கிறார்கள். ஒன்று போனாலும் மற்றவை தப்பும்.

ஆனால், தனிச் சாவி மட்டும் போதாது. 2023-ல் மைக்ரோசாஃப்டுக்கு நடந்ததைப் பாருங்கள். தனிநபர் மெயிலுக்கு ஒரு சாவி, அலுவலக மெயிலுக்கு வேறு சாவி என்று பிரித்துத்தான் வைத்திருந்தார்கள். சீனாவைச் சேர்ந்த ஹேக்கர்கள் கையில் சிக்கியது 2016-ல் உருவாக்கிய தனிநபர் சாவி. அதை வைத்து அலுவலக மெயிலுக்கு டோக்கன் தயாரித்தார்கள். 'இது இந்தக் கதவுக்கான சாவிதானா?' என்று மெயில் சர்வர் பார்க்கவே இல்லை. கதவு திறந்தது. அமெரிக்க வெளியுறவுத் துறையிலிருந்து மட்டும் சுமார் 60,000 மெயில்கள் போயின. 2021-லேயே ஓய்வு கொடுக்க வேண்டிய சாவி அது. 'இதைத் தடுத்திருக்கலாம்' என்றது 2024-ல் வந்த அமெரிக்க அரசுக் குழுவின் அறிக்கை.

வீட்டில் ஆப் எழுதும் பிள்ளைகள் இருந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். ஒவ்வொரு வகை டோக்கனுக்கும் தனிச் சாவியா? எந்தச் சாவி என்று கதவு சரிபார்க்கிறதா? பழைய சாவியை எப்போது மாற்றினாய்?

நமக்கும் அதே கணக்குதான். முக்கியமாக, மெயில் பாஸ்வேர்டை வேறெங்கும் பயன்படுத்தாதீர்கள். மற்ற கணக்குகளுக்கான 'பாஸ்வேர்டு மறந்துவிட்டேன்' லிங்க் எல்லாம் வந்து சேர்வது அங்கேதான்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லி மூன்று நம்பரையும் மாற்ற வைத்தேன். பொறுமையாகக் கேட்டவர் கடைசியில் சொன்னார்: "சரிடி, மூணையும் காலண்டர்ல எழுதி மாட்டிடவா?"

அந்தப் பஞ்சாயத்து அடுத்த வாரம்!