வீட்டைக் காலி பண்ணுங்க!

டி.பி.எம்.எஸ். லேப்ல 'செலக்ட் சிஸ்டேட் ஃப்ரம் டூயல்'னு அடிச்சு அடிச்சு விரல் தேஞ்சிருக்குமே? ஆரக்கிள் 2024 மே மாசம் விட்ட 23ஏஐ-ல, கடைசி ரெண்டு வார்த்தை இல்லாமலே தேதி வந்துடும். டேபிளில் பூலியன் டைப்பும் சேர்ந்தாச்சு. ஜாலிதான்!

ஆனா, அப்டேட் வந்தா புதுசைவிட, போனதைத்தான் முதல்ல பார்க்கணும். 'டெப்ரிகேட்டட்'னா ஹவுஸ் ஓனர் நோட்டீஸ் கொடுத்துட்டார்னு அர்த்தம், இப்போதைக்கு இருக்கலாம். 'டிசப்போர்ட்டட்'னா கெடு முடிஞ்சுது. எந்த டேபிளை யார் தொட்டாங்கன்னு குறிச்சு வைக்கிற பழைய ஆடிட்டிங்குக்கு 21சி-யிலேயே நோட்டீஸ். 23ஏஐ-ல பழைய செட்டிங் ஓடும், நீக்கலாம். புதுசா போட முடியாது. யூனிஃபைட் ஆடிட்டிங்குக்கு மாறியே ஆகணும்.

உங்க லேப் மேனுவல்ல 'ஆடிட் செலக்ட் ஆன் எம்ப்'னு இருக்கா? பக்கத்துல பென்சிலால ஒரு இன்ட்டு போட்டு வைங்க பாஸ்!